மின்தடை

ஞாயிறு இரவு ஷிஃப்டில்
பெங்களூர் ஸ்டேஷன் எங்களுக்கு முழுசாகக் கிடைப்பதில்லை.
ஏரியல் ஒயரைக் கிரேனில் கட்டிவைத்திருக்கிறான் திம்மராயன்.
கிரேன் மேற்கே போனால் பாட்டு,
கிழக்கே வந்தால் இரைச்சல்.
சூளகிரியில் இந்த கிரானைட் கொட்டகைக்கு மட்டும்
சிட்டி டாப் டென்னில் எட்டாமிடம் என்று
ஒன்று இருந்ததே இல்லை.
ஐந்தாமிடம் எப்போதும் பல்லவியோடு செத்துவிடும்.

ஆனி மாதம் ஒரு ஞாயிறு.
கன்னடத்தில் தொடங்கித் தமிழில் மூச்சு விட்டு
இங்கிலீஷில் முடிக்கிற அந்தப் பெண்
முதலிடம் என்று சொன்ன பெயர்
சலாவுதீன்.

எதிரே பஞ்சர் கடை மாடியில்
சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி
ஜன்னலை மெத்தையால் அடைத்து
ராத்திரியெல்லாம் கத்திக்கொண்டிருந்தவன்.
அந்த மெத்தையைத் தாண்டி
நாங்கள் உள்ளே போயிருக்கிறோம் என்று
அன்று தெரியாது.

மறுவாரம் கிரேன் மேலிருந்து திம்மராயன் கத்தினான்:
‘அக்கா, இது நம்ம மூணாம் நம்பர்!’

மூணாம் நம்பர் பிளேடில் ஒரு பல் விழுந்திருந்தது.
மாசக் கடைசி வரைக்கும் இப்படியே ஓட்டு
என்று உத்தரவு.
சுற்றுக்கொரு தரம் விக்கும்.
பாட்டிலும் விக்கியது,
அதே இடத்தில், அதே பிடிவாதத்தோடு.

‘இந்த பீட் எங்கே பிடிச்சீங்க?’ என்றாள் ரேடியோப் பெண்.
‘லேப்டாப்ல,’ என்றான் சலா.

அரைகுறைத் தமிழ் ஜோகேஷ்வர்தான் முதலில் சிரித்தான்.
அன்றிலிருந்து அந்த மெஷினுக்கு அதுதான் பெயர்.
லேப்டாப்புக்குத் தண்ணி விடு.
லேப்டாப் சூடாகுது, கல்லை எடு.

மூன்றாம் வாரம்
எல்லாவற்றையும் நிறுத்தலாம் என்று சொன்னது
யாரென்று கேட்டால், நான்தான்.
மெஷின் ஓடும்போது தாளம் காலுக்கு வரும்,
வார்த்தை காதுக்கு வராது.
ஒருமுறையாவது சுத்தமாகக் கேட்கவேண்டும்.

நாலு மெஷினும் நின்றன.
பதினோரு டன் கல் ஒன்று
மேற்குக் கோடியில் அந்தரத்தில் தொங்கியது.
சேற்றுத் தண்ணீர் சொட்டி முடிந்தது.
அறுவை நின்ற கொட்டகைக்குள்
எங்கள் அறுவைச் சத்தம்
ரேடியோவிலிருந்து வந்தது.

டோல்கேட்டில் நிற்காத கார் ஒன்று,
போன் எடுக்காத பெண் ஒருத்தி,
அவ்வளவுதான் பாட்டு.
எங்களைப் பற்றி ஒரு சொல் கிடையாது.
ஆனால் அவன் மூச்சு வாங்கிய இடத்திலெல்லாம்
நாங்கள்.

பதிவேடு எழுதுவது என் வேலை.
‘மின்தடை, 3 நிமிடம் 20 விநாடி’ என்று எழுதினேன்.
அடுத்த ஞாயிறும் அதே.
அதற்கடுத்ததும்.

மேனேஜர் மாதேசன் ஈபி ஆபீசுக்கு போன் போட்டார்.
‘அப்படி ஒண்ணும் இல்லையே சார்.’
பதிவேட்டைப் பார்த்தார், ரேடியோவைப் பார்த்தார்,
அப்புறம் என்னை.
‘கரண்ட் எங்கேயாவது இப்படி விநாடிக் கணக்கா போகுமா?
நாலு நிமிஷம்னு எழுது.’

அந்த மிச்ச நாற்பது விநாடியில்
ஜோகேஷ்வர் ஒரு பீடி பற்றவைக்கக் கற்றுக்கொண்டான்.

ஒன்பதாம் வாரம் புது பிளேடு வந்தது.
வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.
பத்தாம் வாரம் பாட்டு ஆறாமிடமாம்,
கிரேன் கிழக்கே இருந்தது, நாங்கள் கேட்கவில்லை.
பதிவேட்டில்: மின்சாரம் சீர்.

புதன்கிழமை சலாவுதீன் கேட்டுக்கு வந்தான்.
புது ஷூ, கண்ணில் தூக்கமில்லை.
‘அடுத்த பாட்டு பண்றேன் அக்கா.
ஒரு வாரமா அந்தச் சத்தம் வரலையே?’

கிரேன் மேலிருந்து பதில் வந்தது:
‘லேப்டாப்ல பாரு.’

அவனும் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.
போகவில்லை, நின்றான்.
கேட் நோட்டில் பெயர் எழுதினேன், நேரம் எழுதினேன்.
வந்த காரணம் என்று ஒரு கட்டம் உண்டு.
அதை மட்டும் விட்டுவைத்து
கழற்றிப் போட்ட பிளேடு எந்த மூலையில் கிடக்கிறது என்று
ஜோகேஷ்வரைக் கேட்டேன்.